தெளிப்பான் கழுவும் இடம்

பயிர்க்கழிவைக் கரியாக்கி, நீரில் கரைந்த பூச்சிக்கொல்லியை அதில் ஏற்றிப் பிடிக்கும் ஆய்வுகளுக்கு நம் துறையில் பஞ்சமில்லை. தேங்காய் ஓடு, நிலக்கடலைத் தோல், நெல் உமி எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் இவற்றில் பல, வாலை நீரில் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் மருந்தைக் கலந்து செய்த சோதனைகள். கிணற்று நீரில் மருந்து கலந்திருந்தால் அது மைக்ரோகிராம் அளவில்தான் இருக்கும். செறிவு குறையக் குறைய ஒரு கிராம் கரி பிடித்துவைக்கும் மருந்தும் குறையும். நீரில் கரைந்துள்ள பிற கரிமப் பொருள்கள் துளைகளுக்குப் போட்டியிடும். குடிநீர் வடிகட்டியை இலக்காக வைத்தே இந்த ஆய்வுகளைத் தொடர்வதை நான் ஏற்கவில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் பயிர்க்கழிவு முதலில் சேர வேண்டிய இடம் தெளிப்பான் கழுவும் கிணற்றடி.

கணக்கைப் பாருங்கள். முன்பு பரவலாகப் புழங்கிய 36 சத மோனோகுரோட்டோபாஸ் பூச்சிக்கொல்லியை லிட்டருக்கு 2 மி.லி. கலந்தால், கரைசலின் ஒவ்வொரு லிட்டரிலும் 0.72 கிராம் நஞ்சு இருக்கும். அடித்து முடித்தபின் டேங்கின் அடியில் 100 மி.லி. தங்கினால் அது 72 மில்லிகிராம். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 (2012) குடிநீரில் இதற்கு அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அதாவது, டேங்கில் தங்கிய அந்தச் சிறு மீதி 72,000 லிட்டர் நீரை வரம்பு வரை கொண்டுபோகப் போதும். பரவிய பிறகு அதைத் துரத்திப் பிடிப்பதைவிட, செறிவாக ஓரிடத்தில் விழும்போதே மடக்குவது எளிது.

இதற்கு வழி புதிதல்ல. 1993-இல் சுவீடனில் தொடங்கிய 'பயோபெட்' எனும் உயிர்ப்படுகை, குழியில் இரண்டு பங்கு வைக்கோல், ஒரு பங்கு மண், ஒரு பங்கு கரிநிலப் பாசி மக்கு நிரப்பி, அதன்மேல் தெளிப்பானைக் கழுவும் ஏற்பாடு. மண்ணும் மக்கும் மருந்தைப் பிடித்து வைக்கின்றன. வைக்கோலின் லிக்னினைச் சிதைக்கும் பூஞ்சைகள் மருந்தையும் சிதைக்கின்றன. மோனோகுரோட்டோபாஸ் நீரில் நன்றாகக் கரையும், மண்ணில் எளிதில் ஒட்டாது. குளோர்பைரிபாஸ் நன்றாக ஒட்டும். வெறும் உறிஞ்சுதலை நம்பினால் முதல் வகை நழுவிவிடும் என்பதால்தான் நுண்ணுயிர்ச் சிதைவு அவசியமாகிறது. பாசி மக்குக்கு மாற்றாகத் தென்னை நார்க்கழிவைப் பார்க்கலாம். சிப்பிக்காளானைக் கொண்டு அதை மக்கவைக்கும் முறை நமக்குப் பழகியதே. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவட்டங்கள் என்பதால் சேகோ ஆலையில் மிஞ்சும் திப்பியைச் சொல்லத் தோன்றும். அது மாட்டுக்கும் கோழிக்கும் போகும் தீவனம், கழிவல்ல. கிழங்கின் பச்சைத் தோலிலோ சயனைடு தரும் பொருள் இருக்கிறது. நடவுக் கரணைக்கு எடுத்ததுபோக வரப்பில் எரிக்கப்படும் மரவள்ளிக் குச்சிகளே தகுந்தவை: நறுக்கி வைக்கோலோடு சேர்க்கலாம், ஒரு பகுதியைக் கரியாக்கியும் இடலாம்.

இது மருந்தடிப்பதற்குச் சாக்காகிவிடும் என்பார்கள். மருந்தைக் குறைப்பதே முதல் வேலை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. மரவள்ளி மாவுப்பூச்சிக்கு எதிராக 2022-இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒட்டுண்ணிக் குளவி விடப்பட்டது அந்த வழியில் நடந்த நல்ல பணி. ஆனால் குறைந்தாலும் அடிக்கும் காலம் வரை டேங்கைக் கழுவத்தான் செய்வார்கள். வடகிழக்குப் பருவமழையில் குழி நிரம்பி வழியும் என்ற ஆட்சேபம் இன்னும் கனமானது. மேல்கூரையும் உயர்ந்த விளிம்பும் களிமண் அடித்தளமும் இல்லாமல் தோண்டினால், படுகையே நஞ்சுக் குழியாகிவிடும். கோடையில் ஈரம் வற்றினால் பூஞ்சை வேலை செய்யாது. ஆகவே நார்க்கழிவும் குச்சியும் எந்த விகிதத்தில் சேர வேண்டும், அடியில் வடியும் நீரில் எந்த மருந்து எவ்வளவு தப்புகிறது என்பதை ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அளந்த பிறகே இதை உழவருக்குப் பரிந்துரைக்க வேண்டும். பழைய கலவையை உடனே வயலில் கொட்டவும் கூடாது. மூடி வைத்து ஓராண்டு மக்கவிட்டு, எச்ச நஞ்சைச் சோதித்த பிறகே அது நிலத்துக்குப் போகலாம்.