கரையோரத் தமிழ்ப் பாடசாலைகள்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

புத்தளம் மாவட்டக் கரையோரத்திலே, கற்பிட்டி முதல் உடப்பு, முன்னேசுவரம், சிலாபம் வரை உள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலைகளின் நிலை குறித்து இன்று எழுதுகின்றோம். இடமாற்றக் காலம் வந்ததும் கணித ஆசிரியர் விடைபெறுகிறார்; விஞ்ஞான ஆசிரியர் ஓய்வு பெறுகிறார்; அதிபர் வேறிடம் செல்கிறார். மாலையிட்டு, வாழ்த்துப்பா வாசித்து வழியனுப்புகின்றோம். மறுநாட் காலை அவ்வகுப்பில் யார் நிற்பார் என்று கேட்பாரைத்தான் காணோம்.

செல்லும் ஆசிரியர்மீது எமக்குப் பழியில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்து, சில ஆண்டுகள் பணியாற்றியவர் தம் குடும்பத்தாரிடம் திரும்ப விரும்புவது இயல்பே. ஓய்வும் அவர் உழைத்துப் பெற்ற உரிமை. ஒருவரை விடுவிக்கும் ஆணையில் ஒப்பமிட்டு, அவருக்குப் பதிலாளை அனுப்பும் ஆணையை எழுத மறந்துவிடும் நிருவாகமே இங்கு குற்றவாளி.

2022 ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். நாடு கடனில் மூழ்கி, மக்கள் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற ஆண்டு அது. அரசாங்க ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அவ்வாண்டு யூன் மாதம் வழி திறக்கப்பட்டது. ஆகஸ்டில் வந்த இடைக்கால வரவு செலவுத் திட்டம் ஓய்வு வயதை 60 ஆகக் குறைத்தது. அவ்வயதைக் கடந்திருந்தோர் டிசெம்பர் 31 இல் ஒருசேர ஓய்வு பெற்றனர். திறைசேரிக்கு அது சிக்கனம். ஆனால் பத்துக் கணித ஆசிரியர் உள்ள நகரக் கல்லூரியில் இருவர் சென்றால் எண்மர் எஞ்சுவர். ஒரேயொருவர் உள்ள கரையோரப் பாடசாலையில் அவரும் சென்றால் கணிதமே சென்றுவிடும். ஒரே ஆணை இரு பாடசாலைகளில் இருவேறு விளைவைத் தருவதை எந்த அதிகாரி எண்ணிப் பார்த்தார்?

ஆசிரியரை இழந்த மொழி என்னாகும் என்பதை அறியத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859 இல் ஆங்கிலத்தில் தொகுத்தளித்த சைமன் காசிச்செட்டி பிறந்தது இதே கற்பிட்டியில். அத்தகைய கரையில், சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடைப்பட்ட கத்தோலிக்க மீனவர் கிராமங்களிலே, வீட்டில் தமிழ் பேசிய பிள்ளைகளுக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிங்களமே போதனாமொழியாயிற்று. இன்று அங்கே கடற்றொழிலிலும் வீட்டிலும் தமிழ் பேசும் முதியோர் உளர். ஆயினும் அவருட் பலர் தமிழை வாசிக்க அறியார். பேரப்பிள்ளைகள் பேசவும் அறியார். அம்மக்களை நாம் குறை கூறவில்லை. பள்ளியில் இடமில்லாத மொழி இரண்டு தலைமுறைக்கு மேல் வீட்டில் வாழாது என்பதே அக்கரை நமக்குப் புகட்டும் பாடம்.

வடக்கே நிலை வேறு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுட் பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். தமிழின் பேரால் ஆயுதமேந்தியோர் தமிழ் பேசும் மக்களுக்கே இழைத்த அநீதி அது. அகதிகளாய் வந்தோரின் பிள்ளைகளும் தமிழிலேயே கற்றனர். வகுப்புகள் நிரம்பி வழிந்தன. ஆதலின் ஆசிரியர் பற்றாக்குறை இந்துக்களின் வழக்கன்று, முஸ்லிம்களின் வழக்குமன்று, கிறிஸ்தவர்களின் வழக்குமன்று. மூவரும் ஒன்றுபட்டுக் கேட்க வேண்டிய வழக்கு இது.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரை, தேசிய மொழிகளுள் ஒன்றில் கல்வி பெறும் உரித்தை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. 12 ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமமென்கிறது. மொழியுரிமை மீறப்பட்டால், 126 ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றை நாடலாம். எழுத்தில் குறையில்லை. ஆனால் ஆசிரியரில்லாத வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு இவ்வுரித்தால் பயன் யாது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

வலயத்தின் மொத்தக் கணக்கைக் காட்டி, ஆசிரியர் போதுமென அதிகாரிகள் வாதிடலாம். மொழிவாரியாகவும் பாடவாரியாகவும் பிரிக்காத கணக்கு கணக்காகாது. உடற்கல்வி ஆசிரியர் இருவர் இருப்பதால் இரசாயனவியல் வகுப்பு நடந்துவிடாது. மாகாணப் பாடசாலைகளுக்குப் பொறுப்பான வடமேல் மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றி ஆளுநரின் கீழேயே நிருவாகம் நடந்தது. மக்கள் எவரிடம் போய்க் கேள்வி கேட்பது?

இந்நிலையில் வசதியுள்ள தந்தை பிள்ளையை நீர்கொழும்புக்கோ கொழும்புக்கோ அனுப்பிவிடுகிறார். கற்பிட்டி மணலில் வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் உழவரின் பிள்ளையும், உடப்பிலே கரைவலை இழுக்கும் தொழிலாளியின் பிள்ளையும் எங்கே செல்வர்? மருத்துவராகவோ பொறியியலாளராகவோ வரத்தக்க அறிவு அப்பிள்ளைகளுக்கும் உண்டு. கற்பிப்பார் இன்மையால், உயர்தரத்தில் தாம் விரும்பிய பிரிவைக் கைவிட்டு, இருக்கும் பாடத்தைப் படிக்கும் நிலைக்கு அவர்கள் தள்ளப்படுகின்றனர்.

நாம் கேட்பவை மூன்று. பதிலாசிரியர் கடமையேற்கும் வரை, ஒரு பாடத்தின் ஒரேயொரு ஆசிரியரை விடுவிக்கலாகாது. அதனால் தாமதமுறும் ஆசிரியருக்குத் திகதி குறித்த உறுதி வழங்கப்படல் வேண்டும். வெற்றிடங்கள் பாடசாலை, பாடம், மொழி என்னும் வரிசையில் ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்தப்படல் வேண்டும். இக்கரையோரத்து இளைஞரையும் யுவதிகளையும் கல்வியியற் கல்லூரிகளுக்குத் தெரிந்தெடுத்து, பயிற்சியின்பின் இங்கேயே நியமித்தல் வேண்டும். சொந்த ஊரில் வாழ்பவர் இடமாற்றம் கேட்க மாட்டார்.

இவை தாமாக வந்து சேரா. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, விண்ணப்பித்து 14 வேலைநாட்களுள் முடிவு தெரிவிக்க அதிகாரி கடமைப்பட்டவர். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் தத்தம் வெற்றிடங்களை எழுத்தில் கேட்டுப் பெறட்டும். சட்டத்தரணிகளும் கணக்காளரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அம்மனுக்களை எழுதிக் கொடுக்கட்டும். உழவரும் மீனவரும் அவற்றிற் கையொப்பமிடட்டும். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே மேசையில் அமரட்டும். பதில் கிடைக்காவிடின் ஆணைக்குழு உண்டு, நீதிமன்று உண்டு, அதற்கும் மேலாக வாக்குச்சீட்டு உண்டு.

தெற்குக் கரையில் தமிழ் மங்கியபோது கேட்பாரில்லை. எஞ்சியுள்ள கரையிலும் அவ்வாறு நேர விடுவோமா? அடுத்த இடமாற்றப் பட்டியல் வருமுன் நமது மனுக்கள் வலயக் கல்வி அலுவலகத்தின் மேசையில் இருத்தல் வேண்டும். இன்றே தொடங்குவோமாக!