நாற்றுமேடைக்கு நல்ல பற்றீரியா

நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் தேயிலை மலைகளை அடுத்துள்ள மரக்கறித் தோட்டங்களிற் குளிரும் மூடுபனியும் ஓயாத ஈரமும் பங்கசு நோய்களுக்கு இடமளிக்கின்றன. கோவா, தக்காளி நாற்றுகள் மேடையிலேயே அடியழுகிச் சாய்வதுண்டு. இதற்கஞ்சிய கமக்காரர் பலர், நோய் உண்டோ இல்லையோ, நாட்குறித்துப் பங்கசுநாசினி தெளிக்கின்றனர். இதனாற் செலவு மிகுவதுடன், சரிவில் வழியும் மழைநீரோடு நஞ்சும் கீழுள்ள ஓடைகளைச் சேர்கின்றது. இவ்வழக்கம் மாறுதல் வேண்டும். அம்மாற்றம் நாற்றுமேடையில் தொடங்குதலே நன்று.

மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் யாவும் பயிருக்குப் பகையல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் கோதுமை விதைத்தபோது, வேரழிக்கும் பங்கசு நோயொன்று முதலிற் பெருகிப் பின்னர் தானே தணிந்தது. வேரைச் சூழ்ந்து பெருகிய சூடோமோனாசு இனப் பற்றீரியாக்கள் அப்பங்கசை அடக்கியமையே இதற்குப் பெருங் காரணமென ஆராய்ச்சியாளர் கண்டனர். இவ்வினம் மண்ணிலுள்ள இரும்புச் சத்தைப் பங்கசுக்குக் கிட்டாதவாறு பற்றிக்கொள்கின்றது. பங்கசை ஒடுக்கும் பொருள்களைச் சுரக்கின்றது. பயிரின் எதிர்ப்பாற்றலையும் தூண்டுகின்றது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சூடோமோனாசு புளோரசென்சு என்னும் பற்றீரியாவை முகப்பூச்சுக் கல்மாவிற் கலந்து, நெல்லின் எரிபந்தம், மடல் வெளிறல் ஆகிய நோய்களுக்கு எதிராகப் பரிந்துரைத்துள்ளது. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் தூள் என்பது அதன் அளவு.

எனினும், இது நோய் கண்டபின் அடிக்கும் மருந்தன்று. வெள்ளம் வருமுன் கட்டும் அணையைப் போன்றது. விதைக்குமுன் விதையிலும், நடுமுன் நாற்றின் வேரிலும் சேர்த்தாலன்றிப் பயன் குன்றும். தூளிலிருப்பவை உயிர்கள் என்பதை மறத்தலாகாது. வெயிலில் வைத்த பொதியும் காலங்கடந்த பொதியும் வெறும் மாவே. செப்புக் கலந்த பங்கசுநாசினியுடன் சேர்த்தால் அவ்வுயிர்கள் மடியும். விற்போர் உற்பத்தித் திகதியைத் தெளிவாகப் பொறித்தலும், வாங்குவோர் அதனைக் கேட்டுப் பெறுதலும் கடமையாகும்.

பங்கசுநாசினியை ஒரே நாளிற் கைவிடுதலும் அறிவுடைமையன்று. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளைக்கும் பீடைநாசினிக்கும் இறக்குமதித் தடை வந்தபோது, மாற்று வழிக்கு ஆயத்தமில்லாத கமக்காரர் பெரிதும் இடருற்றனர். அவ்வாண்டு நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. உருளைக்கிழங்கின் பின்கூற்று வெளிறல் நோய் ஈரக் காலத்தில் சில நாள்களிற் பாத்தியையே கருக்கவல்லது. அந்நோய்க்குப் பற்றீரியாவை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

ஆதலின் கமக்காரர் முதலில் ஒரு நாற்றுமேடையைத் தேர்ந்து, பாதிக்குப் பற்றீரியா இட்டு, மறுபாதியை இடாது விடுக. வடிகாலும் நீரிடலும் இரண்டிற்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். சாய்ந்த நாற்றுகளை இருபுறமும் எண்ணிப் பார்த்தால், அடுத்த போகத்தில் எத்துணை மேடைகளுக்கு இதனை விரிப்பதென்பதை அவரவர் நிலமே உணர்த்தும்.