தனவந்தர் தனவந்தர்க்கு அளிக்கும் பரிசு

2024-ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி நாட்களில் இரண்டு சம்பவங்கள் நிகழ்ந்தன. இத்தாலி தேசத்துப் பலேர்மோ துறைமுகத்திலிருந்து ஓர் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. அம்பானி குடும்பத்தின் இளைய குமாரருடைய விவாகத்திற்கு முன்னோடியாக, சுமார் 800 விருந்தினரை ஏற்றிக்கொண்டு அது மத்தியதரைக் கடலில் உலாவியதென்று பத்திரிகைகள் விவரித்தன. அதே நாட்களில், திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையில் வர்ணம் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று தீப்பற்றி எரிந்தது, தொழிலாளிகள் உயிரிழந்தனர்.

கப்பல் மிதந்ததனால் தொழிற்சாலை எரிந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது நியாயமுமாகாது. ஆயினும் ஒரே தேசத்தின் செல்வம் எங்கே பெருகி ஓடுகிறது, எங்கே ஒரு துளியும் எட்டாமல் வற்றிக் கிடக்கிறது என்பதை இவ்விரு சம்பவங்களும் ஒருங்கே காட்டுகின்றன. ஜூலையில் பம்பாயில் நடந்தேறிய அவ்விவாகத்தில் மணமகனின் தோழர்களுக்கு விலையுயர்ந்த கைக்கடிகாரங்கள் பரிசளிக்கப்பட்டதாகவும் செய்தி வந்தது. அதே குடும்பத்தார் 50 ஏழை ஜோடிகளுக்குத் திருமணம் செய்துவைத்ததையும் நாம் மறைக்க விரும்பவில்லை. அது நற்செயலே. ஆனால் அந்நற்செயல் சிறிது, ஆடம்பரமோ கடலளவு.

இந்நோய் வடநாட்டுக்கே உரியதன்று. 1995 செப்டம்பர் 7-ந் தேதி சென்னையில் நடந்த ஒரு விவாகத்தைத் தமிழ்நாடு மறந்துவிடவில்லை. அப்போதைய முதலமைச்சரின் வளர்ப்பு மகனுக்கு நடந்த அவ்விருந்து உலக சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. பின்னர் சொத்துக் குவிப்பு வழக்கில் அதன் செலவும் விசாரணைக்கு உள்ளாயிற்று.

ஈகை என்ற சொல்லுக்கு நம் முன்னோர் வகுத்த பொருள் தெளிவானது. இல்லாதவனுக்குக் கொடுப்பதே கொடை. இருப்பவனுக்குக் கொடுப்பது திரும்பிவரும் என்று கணக்கிட்டுக் கொடுக்கும் கடன். வள்ளுவர் ஈகையைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே இவ்வேற்றுமையைத்தான் முதலில் வைத்தார். ஆகவே செல்வர் செல்வர்க்கு அளிக்கும் உல்லாச யாத்திரையையும் வைரக் கடிகாரத்தையும் தாராளம் என்று புகழ்வது தமிழ் மரபுக்கே விரோதமானது.

“செல்வர் செலவு செய்தால்தானே ஏழைக்கு வேலை கிடைக்கும்?” என்று சிலர் கேட்பர். சமையற்காரனுக்கும் மாலை தொடுப்பவனுக்கும் சில நாள் கூலி கிடைப்பது மெய்யே. ஆனால் அக்கூலி விருந்து முடிந்ததும் முடிந்துபோகும். தொழிலாளிக்கு வேண்டுவது ஆண்டு முழுவதும் வேலை, அளவான ஊதியம், மாலையில் உயிரோடு வீடு திரும்பும் உறுதி. இம்மூன்றையும் எந்த விருந்தும் தருவதில்லை.

தனவந்தரின் செலவிலும் கொடையிலும் பொதுஜனங்களுக்குப் பங்குண்டு என்பதை நமது சுதந்திர சர்க்கார் ஒரு காலத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. 1957-இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி சொத்து வரியையும் செலவு வரியையும் கொணர்ந்தார். அடுத்த ஆண்டு பட்ஜெட்டைத் தாமே சமர்ப்பித்த பிரதமர் நேரு நன்கொடை வரியை விதித்தார். கொடுப்பவரே அதைச் செலுத்த வேண்டும். இன்று இவற்றில் ஒன்றும் இல்லை. செலவு வரி 1966-இலும், நன்கொடை வரி 1998-இலும், சொத்து வரி 2015-ஆம் ஆண்டு பட்ஜெட்டிலும் கைவிடப்பட்டன. உறவினரல்லாதார் தரும் பரிசுகள் ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேற்பட்டால் அவை பெறுபவரின் வருமானமாகக் கணக்கிடப்படும் என்ற விதி இருக்கிறது. மணமக்கள் தம் விவாகத்தில் பெறும் பரிசுகளுக்கோ அதிலிருந்தும் விலக்கு!

சொத்து வரியால் வந்த வசூல் சொற்பம், வசூலிக்கும் செலவு அதிகம் என்று அதை நீக்கியபோது காரணம் கூறப்பட்டது. அதற்கு ஈடாகப் பெருவருமானத்தின் மீது மேல்வரி 2 சதவீதம் உயர்த்தப்பட்டதும் உண்மை. ஆனால் பானை ஒழுகினால் அடைப்பதா, உடைப்பதா? 2025 செப்டம்பரில் உல்லாசப் படகுகள் போன்ற சொகுசுப் பொருள்களின் மீது 40 சதவீத வரி விதித்ததை நாம் வரவேற்கிறோம். எனினும் அது பொருளின் மீது விழும் வரி. கோடிக்கணக்கான கொடையின் மீது விழுவதன்று. ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட பரிசுகளுக்கு நன்கொடை வரியை மீண்டும் விதித்து, அவ்வருவாயை ராஜ்யங்களுக்குப் பகிர்ந்து, காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள சிறு தொழிற்சாலைகளின் பாதுகாப்புக்கென்றே ஒதுக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இது வீண் யோசனையன்று. சுழலும் இயந்திரத்திற்குத் தடுப்பு வேண்டும், தீ விபத்தினின்று தப்ப வழி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்திருந்தது. 76 ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டில், காக்களூர் ஆவின் பால்பண்ணையில் ஓர் இளம்பெண் தொழிலாளி இயந்திரத்திற் சிக்கி மாண்டார். 2025 நவம்பரில் அப்பழைய சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்பு அமலுக்கு வந்தது. சட்டம் மாறினால் மட்டும் போதாது. அதைக் கையில் ஏந்தி ஒவ்வொரு தொழிற்சாலையின் வாசலிலும் வந்து நிற்க ஆள் வேண்டும், ஆளுக்குப் பணம் வேண்டும்.

தீபாவளி தோறும் தொழிலாளிக்கு இனிப்புப் பெட்டி கொடுத்துவிட்டுப் பெருமை கொள்ளும் முதலாளிகளும் உண்டு. இனிப்பு தயவு, போனஸ் உரிமை. குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று 1965-ஆம் ஆண்டுச் சட்டம் நிர்ணயித்ததைப் புதிய தொகுப்பும் காப்பாற்றியிருக்கிறது. உரிமையைக் கேட்பவன் தலைநிமிர்ந்து நிற்கிறான். பரிசுக்குக் காத்திருப்பவன் கைகட்டி நிற்கிறான்.

கடைசியாக, தேசத் தொண்டில் ஈடுபட்ட நம் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. நமது அரசியல் மேடைகளில் வெள்ளி வாளும், ஆளுயர மாலையும், பட்டாடையும் குறைவில்லாமல் வழங்கப்படுகின்றன. 1901-இல் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்ட காந்தியடிகளுக்கு அன்பர்கள் பொன்னும் வைரமும் பரிசளித்தனர். கஸ்தூரிபாவுக்கும் ஒரு பொன் ஆரம் வந்தது. அடிகள் அன்றிரவு உறங்கவில்லை. மனைவியாரின் கண்ணீரையும் பொருட்படுத்தாமல் யாவற்றையும் பொதுஜன சேவைக்கான தர்ம நிதியாக்கி வங்கியில் ஒப்படைத்தார். 1916-இல் காசியில், நகைகள் மின்ன வீற்றிருந்த மகாராஜாக்களின் முகத்துக்கு நேரே, அந்நகைகளைக் களைந்து ஜனங்களின் பொருட்டுத் தர்மகர்த்தராய்க் காத்தாலன்றி தேசத்துக்கு விமோசனமில்லை என்று கூறும் துணிவு அவருக்கு அதனாலேயே வாய்த்தது.

தனவந்தரிடம் கணக்குக் கேட்க விரும்புவோர் முதலில் தம் வீட்டு அலமாரியிலுள்ள வெள்ளி வாளுக்குக் கணக்குச் சொல்லட்டும். பிறகு காக்களூர்த் தொழிலாளியின் பக்கத்தில் நின்று உரக்கக் கேட்கட்டும். அக்கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்த சர்க்காரும் நெடுநாள் இருக்க முடியாது.