பாஸ் இருக்கா?

தமிழனுக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை எது என்று ஒரு போட்டி வைத்தால் 'அம்மா', 'காபி' இரண்டையும் ஓரம் தள்ளிவிட்டு முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போகும் வார்த்தை ஒன்று உண்டு. 'ஓசி.' நானும் தமிழன்தான். ஆகவே, இந்த வாரம் ஒரு பாவமன்னிப்பு.

எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ஒரு பையன். வயது இருபத்தாறு. வாரத்தில் ஐந்து நாள் ஜி.எஸ்.டி. ரிட்டர்னோடு மல்லுக்கட்டுவான். சனி, ஞாயிறு வந்தால் கிடாரும் கையுமாக ஆளே மாறிவிடுவான். நாலு பேர் சேர்ந்த பேண்ட். எழுத்தும் மெட்டும் சொந்தச் சரக்கு. ஆபீஸில் அவனுக்குப் 'பாட்டுக்காரர்' என்றே பெயர். நிஜப் பெயர் மேனேஜருக்கே மறந்துவிட்டது.

ஒருநாள் ஹெட்போனை என் காதில் மாட்டினான்.

"நல்லாருக்கே. எந்தப் படம்?"

"படம் இல்லை சார். இண்டி."

"ஹிந்தியா? நமக்கு மத்யமாவோட நின்னுபோச்சுப்பா."

"ஹிந்தி இல்லை சார், இண்டி! இண்டிபெண்டன்ட். தனியிசை."

அதாவது ஹீரோ கிடையாது. ஹீரோயின் கிடையாது. ஸ்விட்சர்லாந்து பனியில் புடவையோடு நடுங்குகிற வேலை கிடையாது. பாடணும்னு தோணிச்சு, பாடினோம். அவ்வளவுதான் இண்டி.

எங்கள் லஞ்ச் டேபிளில் ராஜா கட்சி, ரஹ்மான் கட்சி என்று இரண்டு உண்டு. ஊறுகாயைப் பகிர்ந்துகொள்வார்களே தவிர கருத்தைப் பகிர்ந்துகொள்ள மாட்டார்கள். அன்று மட்டும் இரண்டு கட்சியும் கூட்டணி வைத்தன: "சினிமா இல்லாத பாட்டை எவன் கேப்பான்?"

பையன் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி சொன்னான்: "ராஜா சார் 1986-ல 'ஹவ் டு நேம் இட்' போட்டாரே, அதுல ஹீரோ யாரு சார்? 1997-ல ரஹ்மான் சார் 'வந்தே மாதரம்' போட்டாரே, அது எந்தப் படம்?"

டேபிளில் அப்பளம் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் எனக்கு டியூஷன் ஆரம்பித்தான். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் முறையாக மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. டைரக்டர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த கூட்டம். கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில்! 2021-ல் 'என்ஜாய் எஞ்சாமி'. தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசை. எந்தப் படத்திலும் இல்லாத அந்தப் பாட்டு, கல்யாண மண்டபம் வரை போனது. 2024-ல் சாய் அபயங்கரின் 'கட்சி சேர'. பாட்டு முன்னால் ஓடியது, சினிமா பின்னால் வந்து அவரைக் கூப்பிட்டது.

சீசனுக்கு ஒரு பிளேலிஸ்ட் வேறு போட்டுக் கொடுத்தான். ஐப்பசி மழைக்கு ஒன்று, மார்கழிக் குளிருக்கு ஒன்று, கத்திரி வெயிலுக்கு ஒன்று. எனக்கோ பழைய ரெக்கார்டிங் சென்டர் ஞாபகம். வெள்ளைப் பேப்பரில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுப்போம். அறுபது நிமிஷ கேசட், பக்கத்துக்கு ஆறு. பதிமூன்றாவது பாட்டுக்கு இடமில்லை என்பதால் எதை அடிப்பது என்று ராத்திரியெல்லாம் யோசிப்போம். ஒரு வாரம் காத்திருந்து, காசு கொடுத்து வாங்கினால் ஏ சைடில் ஆறாவது பாட்டு சரணத்தில் 'டொக்' என்று நின்றுவிடும். ஆனாலும் தேயத் தேயக் கேட்டோம். காசு கொடுத்தோமே!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஐப்பசியில் ஒருநாள் பையன் என் டேபிளுக்கு வந்தான். "சார், சனிக்கிழமை சாயங்காலம் எங்க ஷோ. முன்னூறு ரூபாய் டிக்கெட். நீங்க அவசியம் வரணும்."

என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது: "பாஸ் ஏதாவது இருக்கா?"

ஒரு விநாடி தயங்கினான். சிரித்தான். "எத்தனை சார்?"

"நாலு."

மறுநாள் கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். சனிக்கிழமை நல்ல மழை. அவன் போட்டுக் கொடுத்த மழை பிளேலிஸ்டைக் கேட்டபடி வீட்டில் படுத்துவிட்டேன். திங்கட்கிழமை, "மழைப்பா, என்ன பண்றது?" என்றேன். "பரவாயில்லை சார்" என்றான்.

பத்து நாள் கழித்து, அவனைக் கூட்டிப்போக அவன் பேண்ட் டிரம்மர் பைக்கில் வந்திருந்தான். எதிர் டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது.

"உங்க ஆபீஸ்காரன் ஒரு லூசு சார். எங்களுக்கு ஏது பாஸ்? ஆபீஸ்ல கேட்டாங்கன்னு சொந்தக் காசுல பதினோரு டிக்கெட் வாங்கினான். வந்தது மூணு பேர். முதல் வரிசையில எட்டு சேர் காலி. அதைப் பார்த்துட்டே பாடினான் சார். இப்ப கிடாரை வித்துடலாமான்னு கேக்கறான்."

கணக்குப் போட்டேன். மூவாயிரத்து முந்நூறு ரூபாய். எட்டுக் காலி சேரில் நாலு என்னுடையது. டீ இறங்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். டிசம்பர் சீசனில் பல சபாக்களில் மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது. ஜம்மென்று ஏ.சி.யில் உட்கார்ந்து கேட்டுவிட்டு நேராக கேன்டீன் போகிறோம். அங்கே எவராவது, "அசோகா அல்வாவுக்கு பாஸ் இருக்கா?" என்று கேட்டதுண்டா? அல்வாவுக்கு இருக்கிற மரியாதை பாட்டுக்கு இல்லை. தெரிந்தவனிடம் ஓசி பாஸ் கேட்பது உரிமை என்று நினைக்கிறோம். 'உன் பாட்டு முன்னூறு ரூபாய் பெறாது' என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறோம் என்பது உறைப்பதில்லை.

போனில் கேட்கிறோமே, போதாதா என்பீர்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை முப்பது விநாடியாவது கேட்டால்தான் கணக்கில் ஏறும். 2024-லிருந்து இன்னொரு விதி. கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது. ஆயிரம் தாண்டினாலும் ஒன்றும் கொழித்துவிடப் போவதில்லை. ஆனால், எங்கள் ஆபீஸில் நாற்பது பேர். ஆளுக்கு வருஷத்தில் இருபத்தைந்து தடவை கேட்டால் ஆயிரம். பாதியில் 'அடுத்தது' என்று தள்ளாமல் கேட்பது ஒன்றும் கஷ்டமில்லை.

தை மாதம் அடுத்த ஷோ. அவனிடம் மூச்சுவிடாமல் எனக்கும் வீட்டம்மாவுக்கும் இரண்டு டிக்கெட் வாங்கினேன். ஒரு மொட்டை மாடி. அறுபது பேர் இருந்தால் அதிகம். தாம்பரம் போகும் கடைசி ரயிலில் தூங்கிப்போன ஆபீஸ்காரனைப் பற்றி ஒரு பாட்டு பாடினான். யாரை மனதில் வைத்து எழுதினானோ, வீட்டம்மா என்னையே பார்த்துச் சிரித்தாள். கடைசியில் நான்தான் முதலில் எழுந்து கை தட்டினேன்.

முடிந்ததும் ஓடி வந்தான். "சார்! சொல்லியிருந்தா பாஸ் குடுத்திருப்பேனே!"

"அதுக்குப் பயந்துதாம்பா சொல்லலை."

புரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன். ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். கிடாரை விற்கவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். "நம்ம பாட்டுக்காரர் ப்ரோக்ராம் பிரமாதமாமே! அடுத்த தடவை எனக்கு ரெண்டு பாஸ் இருக்குமா?"

"தாராளமா இருக்கு சார்" என்றேன். "ஒண்ணு முன்னூறு ரூபாய்."