முடக்குவாத சிகிச்சையில் மனநலமும் அடக்கம்: எங்கள் நிலைப்பாடு

முடக்குவாத நோயாளிகளுக்கு வரும் மனச்சோர்வைக் கண்டறிந்து, உரிய சிகிச்சை கிடைக்கச் செய்வது மூட்டுநோய் மருத்துவத்தின் கடமை என்பதே எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு. மூட்டுகளைப் பரிசோதிக்கும் அதே அறையில், அதே நாளில், மனநிலையைப் பற்றியும் கேட்க வேண்டும்.

ஏன் வலியுறுத்துகிறோம்?

72 ஆய்வுகளில் இடம்பெற்ற 13,189 முடக்குவாத நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்து, 2013-இல் ஒரு பகுப்பாய்வு வெளியானது. நோயறிதல் அளவுகோல்களின்படி 16.8 சதவீதம் பேருக்குத் தீவிர மனச்சோர்வு இருந்தது. மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 வினாப்பட்டியலைப் பயன்படுத்திய ஆய்வுகளில் மனச்சோர்வு இருந்தவர்கள் 38.8 சதவீதம். ஆனாலும், கேட்பாரில்லாததால் பலருடைய மனச்சோர்வு மருத்துவச் சீட்டில் ஏறுவதே இல்லை.

முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. விடிந்ததும் விரல்கள் மடங்காது. பால் பாக்கெட்டைப் பிரிக்க முடியாது. ஜாக்கெட் கொக்கி மாட்ட மகளைக் கூப்பிட வேண்டும். பத்து மணிக்கு மேல் விறைப்பு சற்றுத் தளர்ந்ததும், பார்ப்பவர்கள் “நல்லாத்தானே இருக்கே” என்கிறார்கள். வீட்டு வேலை முழுவதும் பெண்ணின் தலையில் விழும் குடும்பங்களில், “நான் எதுக்கும் லாயக்கில்லாமப் போயிட்டேன்” என்ற எண்ணம் வேர்விட அதிக நாள் ஆவதில்லை.

இதை மனபலக் குறைவு என்று சொல்வது தவறு. மூட்டில் அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப், ஐஎல்-6 போன்ற புரதங்களுக்கு மனச்சோர்விலும் பங்கிருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தீராத வலியும் தூக்கமின்மையும் மனச்சோர்வை வளர்க்கின்றன. ஸ்டீராய்டு மருந்துகளும் சிலருடைய மனநிலையை மாற்றிவிடுகின்றன.

மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டால் மூட்டுக்கான சிகிச்சையே தடம் மாறும். நோயின் தீவிரத்தை அளக்கும் டாஸ்-28 மதிப்பெண்ணில் 28 மூட்டுகளின் வீக்கமும் ரத்தப் பரிசோதனை முடிவும் சேர்கின்றன. அழுத்தும்போது எத்தனை மூட்டுகள் வலிக்கின்றன, தன் உடல்நிலை எப்படி இருக்கிறது என்று நோயாளி சொல்வதும் சேர்கிறது. மனம் சோர்ந்திருந்தால் இவ்விரண்டும் உயரும். வீக்கம் குறைந்த பிறகும் மதிப்பெண் இறங்காது. காரணத்தைத் தேடாவிட்டால் தேவையில்லாமல் மருந்து கூடும். மனச்சோர்வால் மாத்திரையைத் தவறவிடுபவருக்கோ நோய் முற்றும்.

நாங்கள் கோருபவை

1. கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கையிழந்து இருந்ததா என்ற இரண்டு கேள்விகளையாவது ஒவ்வொரு நோயாளியிடமும் குறித்த இடைவெளியில் கேட்க வேண்டும். ‘ஆம்’ என்பவரை விரிவாகப் பரிசோதிக்க வேண்டும். களைப்பும் தூக்கக் குறைவும் முடக்குவாதத்திலும் வரும் என்பதால், வினாப்பட்டியலின் மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகத் தெரிந்தால் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

2. மூட்டுநோய் மருத்துவரும் மனநல மருத்துவரும் ஒருவர் எழுதும் மருந்தை மற்றவர் அறிந்திருக்க வேண்டும். எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மருந்துகளோடு டைக்லோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடுகிறது.

3. அரசு மருத்துவமனைகளின் மூட்டுநோய்ப் பிரிவுகளில் மனநல ஆலோசகர் இருக்க வேண்டும். மாத்திரையோடு பேச்சுவழிச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் கிடைக்க வேண்டும்.

4. உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017. காப்பீட்டு நிறுவனங்கள் இதைத் தட்டிக்கழிக்காமல் நடைமுறைப்படுத்த வேண்டும்.

நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும்

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, வலியைச் சொல்வதுபோல மனநிலையையும் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். “தைரியமா இரு” என்று சொல்லி முடித்துக்கொள்ளாமல், வீட்டில் ஒருவராவது உடன் செல்லுங்கள். டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மனச்சோர்வு சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய். அதைச் சுமந்துகொண்டே வாழ வேண்டிய கட்டாயம் எந்த முடக்குவாத நோயாளிக்கும் இல்லை.