புறாக்கூடும் வல்லூறும்



மும்பை புறநகரிலிருந்து ஒரு சகோதரி இம்மாதம் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவர்களுடைய மகன், ஊரை விட்டு வந்த நாள்முதல் யாரோடும் ஒட்டாமல் இருந்தவன், கட்டடத்து மொட்டைமாடியில் அனுமதி பெற்றுப் பன்னிரண்டு புறாக்களை வளர்த்து வருகிறான். கடந்த மூன்று வாரங்களில் ஐந்து புறாக்களை வல்லூறு கொண்டுபோயிற்று. பக்கத்து மாடியில் புறா வளர்க்கும் ஒருவர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். கிழட்டுப் புறா ஒன்றின் முதுகில் விஷத்தைப் பூசிப் பறக்கவிட்டால், அதைப் பிடிக்கும் வல்லூறு மறுபடியும் வராதாம். "மகன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அவன் அதற்கு ஆயத்தமாயிருக்கிறான். விசுவாசக் குடும்பமாகிய நாங்கள் இப்படிச் செய்யலாமா?" என்று அந்தத் தாய் கேட்கிறார்கள்.

சகோதரியே, வேண்டாம் என்று மகனிடம் தெளிவாகச் சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வல்லூறு, பருந்து, ராஜாளி ஆகிய பறவைகளைப் பாதுகாக்கிறது. அவற்றைக் கொல்வது மாத்திரமல்ல, கண்ணி வைப்பதும், விஷம் வைப்பதும், கூட்டைக் கலைத்து முட்டையை எடுப்பதும் வேட்டை என்றே அந்தச் சட்டத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. சிறைத்தண்டனைக்குரிய குற்றம் அது. சட்டம் ஒருபுறமிருக்க, விஷம் ஒரு பறவையோடு நின்றுவிடுவதில்லை. வல்லூறு தின்று மீதி வைத்ததைக் காகம் கொத்தும், பூனை இழுத்துச் செல்லும், கீழ்த்தளத்துச் சிறுபிள்ளை கையில் எடுக்கும். அந்த வல்லூறு செத்தாலும் ஆளில்லாத வேட்டைநிலத்தை வேறொன்று வந்து பிடித்துக்கொள்ளும். உங்கள் மகனுடைய கூடு பழையபடி திறந்தே கிடக்கும்.

வேதத்திலே இதற்கு ஓர் அருமையான காட்சி உண்டு. ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்தில் ஆபிராம் தேவனுடைய கட்டளைப்படி மிருகங்களையும், ஒரு காட்டுப்புறாவையும், ஒரு புறாக்குஞ்சையும் கொண்டுவந்து வைக்கிறார். இரை தேடும் பறவைகள் அவற்றின்மேல் இறங்குகின்றன. ஆபிராம் என்ன செய்தார்? வில்லெடுத்து எய்தார் என்று அங்கே எழுதப்படவில்லை. அவற்றைத் துரத்தினார் என்று மாத்திரம் 11-ஆம் வசனம் சொல்லுகிறது. அடுத்த வசனத்தில் சூரியன் அஸ்தமிக்கிறது. அதுமட்டும் அந்த மூப்பர் தம்முடைய பலியின் அருகே காவல் நின்றிருக்க வேண்டும் என்றே நான் எண்ணுகிறேன். யோபு 39:26-ல் ராஜாளி பறப்பது உன் புத்தியினாலா என்று கர்த்தர் யோபைக் கேட்கிறார். அதைப் பறக்க வைத்தவர் அவர். புறாவைக் காக்கும் வேலை, அதைக் கூட்டில் அடைத்து வளர்க்கிறவனுடையது.

ஆகவே முதலில் எதிரி யார் என்று அறியுங்கள். நகரத்தில் எல்லாப் பழியையும் வல்லூறின்மேல் போடுவது வழக்கம். இறகுகள் முழுமுழுதாகப் பிடுங்கப்பட்டு மாடியில் வட்டமாகச் சிதறிக் கிடந்து, மார்புச் சதை மட்டும் தின்னப்பட்டிருந்தால் அது வேட்டைப் பறவையின் வேலை. இறகின் தண்டு கடித்து முறிக்கப்பட்டிருந்தால் பூனையைச் சந்தேகியுங்கள். முட்டையும் சிறு குஞ்சும் இரவில் கூட்டுக்குள்ளிருந்தே காணாமல் போனால், நூற்றுக்குத் தொண்ணூறு எலிதான் என்று அடித்துச் சொல்லுவேன். வானத்தைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள் கூட்டின் தரையைக் குனிந்து பார்ப்பதில்லை.

வேட்டைப் பறவைகளிலும் வகைகள் உண்டு. இந்தியில் பாஜ் என்று பொதுவாகச் சத்தமிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் வருவது ஷிக்ரா எனப்படும் வைரி. அது புறாவைவிடச் சற்றுச் சிறியது. குட்டையான வட்டச் சிறகும் நீண்ட வாலும் உடையது. ஓணான், அணில், சிறு பறவைகள் அதற்கு அன்றாட ஆகாரம். மரத்தின் இலைகளுக்குள் மறைந்திருந்து தாழப் பறந்து திடீரென்று பாயும். ஆண்டு முழுதும் நம்மோடே வாழ்கிற பறவையாதலால், கோடையில் தன் குஞ்சுகளுக்கு இரை தேடும் நாட்களில் அதன் தொல்லை மிகும். குளிர்காலத்தில் வடதேசங்களிலிருந்து வலசை வருகிற பொரி வல்லூறு வேறு விதம். அது உயர்ந்த கட்டடங்களின் உச்சியில் அமர்ந்து, உயரத்திலிருந்து மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் விழுந்து, பறக்கும் புறாவை அந்தரத்திலேயே அடிக்கும். நம் ஊரில் கோழிக்குஞ்சு தூக்கிய கரும்பருந்தோ, நோயாளியையும் பறக்கத் தெரியாத குஞ்சையும்தான் அதிகம் நாடும்.

கூட்டுக்குக் கோழி வலை போதாது. அறுகோணக் கண்ணுள்ள அந்த மெல்லிய கம்பியைப் பூனை பிய்த்துவிடும், சுண்டெலி நுழைந்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். மேற்புறம் தகரமோ ஷீட்டோ போட்டு மூடுங்கள். உட்காரும் கட்டைகளை வலையிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி வையுங்கள். இரவில் கம்பியோரம் தூங்குகிற புறாவைப் பூனை வெளியிலிருந்தே நகத்தால் பற்றி இழுக்கும். வாசலில் உள்நோக்கி மாத்திரம் அசைகிற கம்பிகளைத் தொங்கவிட்டால் புறா தலையால் தள்ளிக்கொண்டு உள்ளே வரும், வெளியே போகாது. துரத்தப்பட்டு வருகிற புறாவுக்கு அந்த வாசல் ஒரு நொடியில் கிடைக்கவேண்டும். திரும்பி வரும்போது கதவு சாத்தியிருந்து, ஷீட்டின்மேல் நின்று தவித்த புறாக்களே அதிகம் பிடிபடுகின்றன.

எப்போது திறக்கிறோம் என்பதில்தான் பாதிக் காவல் இருக்கிறது. விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் வல்லூறு பசியோடு சுற்றும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வசதியான நேரமும் அதுவே என்பதுதான் சங்கடம். விடுமுறை நாட்களில் நடுப்பகலுக்கு மாற்றுங்கள். ஒரே நேரத்தில் தினமும் திறக்காதீர்கள்; வல்லூறு நம்மைவிட நன்றாக மணி பார்க்கும். இரை போடுமுன் பறக்கவிட்டு, கம்பும் சோளமும் டப்பாவில் குலுக்கும் சத்தத்துக்கு உடனே இறங்கிக் கூட்டுக்குள் வரப் பழக்குங்கள். வயிறு நிறைந்த புறா மாடிச் சுவரில் சோம்பி உட்காரும். ஒரு தரம் தாக்குதல் நடந்தால் பத்துப் பதினைந்து நாட்கள் கூட்டைத் திறக்கவே வேண்டாம். இரை கிடைக்காத இடத்தை வல்லூறு தானே கைவிடும். ஓசியா 7:11-ல் எப்பிராயீம் புத்தியில்லாத புறாவுக்கு ஒப்பிடப்படுகிறான். நேற்று தன் ஜோடியை இழந்த அதே சுவரில் இன்றும் போய் உட்காருகிற பறவை அது. அதற்காக யோசிக்க வேண்டியவன் வளர்க்கிறவன்தான்.

பழைய சிடி தட்டுகளைத் தொங்கவிடுவதும் பிளாஸ்டிக் ஆந்தையை நிறுத்துவதும் சில நாட்கள் பயன்படும், பின்பு வல்லூறு அதன்மேலேயே வந்து அமரும். லக்கா புறா நன்றாய்ப் பறக்கமாட்டாது, அதை வெளியே விடாதீர்கள். கரணம் போடும் புறாவின் ஆட்டம் காயம்பட்ட பறவையின் துடிப்பைப் போலத் தெரிந்து வேட்டைப் பறவையின் கண்ணை இழுக்கும். நிறத்திலும் காரியம் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2005-ல் நேச்சர் இதழில் வெளியாயிற்று. வாலுக்கு மேலே இடுப்பில் வெள்ளைத் திட்டு உள்ள சாம்பல்நிறப் புறாக்களைப் பொரி வல்லூறுகள் மிகக் குறைவாகவே பிடித்தன. அந்த இறகுகளை மற்ற புறாக்களின் இறகுகளோடு மாற்றி ஒட்டியபோது பிழைப்பதும் மாறிற்று. புறா புரண்டு விலகும் கணத்தில் அந்த வெள்ளை, வல்லூறின் கண்ணை ஏமாற்றுகிறது என்று கருதுகிறார்கள். எவ்வளவு சிறிய திட்டு, எவ்வளவு பெரிய காவல்!

விஷத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் இராணுவத்தின் தூதுப் புறாக்களைக் காப்பதற்காக 1940-ல் ஆணை பிறப்பித்து, சுமார் 600 பொரி வல்லூறுகளைக் கொன்றார்கள். போருக்குப் பின் அவை மறுபடியும் பெருகத் தொடங்கின. 1960-ல் பந்தயப் புறா வளர்ப்போர், வல்லூறுகள் மிகுந்துவிட்டன, நடவடிக்கை வேண்டும் என்று அரசிடம் முறையிட்டனர். உண்மையை அறியக் கணக்கெடுப்பு நடந்தது. டெரெக் ராட்கிளிஃப் என்பவர் முன்னின்று 1961-லும் 1962-லும் பாறைப் பாறையாகப் பார்க்கச் செய்தபோது, மிகுந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பறவை வேகமாய் அழிந்துகொண்டிருந்தது தெரியவந்தது. விதைத் தானியத்தில் தடவிய டீல்ட்ரின் முதலிய பூச்சிமருந்துகளைப் புறாக்கள் தின்றன; அந்தப் புறாக்களைத் தின்ற வல்லூறுகள் மடிந்தன. டி.டி.டி.யினால் முட்டையோடு மெலிந்து உடைந்ததையும் ராட்கிளிஃப் 1967-ல் எடுத்துக்காட்டினார். அங்கே எவரும் வேண்டுமென்று புறாவின்மேல் விஷம் பூசவில்லை. அப்படியிருந்தும் ஒரு தேசத்து வானம் வெறுமையாகத் தொடங்கிற்று.

நம்முடைய சபைகளைக் குறித்தும் ஒரு வார்த்தை. ஆலயப் பிரதிஷ்டை, ஆண்டுவிழா, திருமணம் ஆகியவற்றில் பரிசுத்த ஆவியானவருக்கு அடையாளமாக வெள்ளைப் புறாக்களைப் பறக்கவிடும் வழக்கம் சில இடங்களில் நுழைந்திருக்கிறது. சந்தையில் வாங்கும் அந்தப் பறவைகள் கூண்டிலேயே பிறந்தவை. அவற்றுக்குத் திரும்பிச் செல்ல வீடு இல்லை, தாங்களாக இரை தேடத் தெரியாது, வெள்ளை நிறமோ மைல் தூரத்துக்குத் தெரியும். 2014 ஜனவரி 26-ல் ரோம் நகரில் போப் பிரான்சிஸின் அருகே நின்ற பிள்ளைகள் விடுவித்த இரண்டு புறாக்களை, கூடியிருந்த திரளான ஜனங்களின் கண்முன்னே ஒரு கடற்புறாவும் ஒரு காகமும் தாக்கின. அடுத்த ஆண்டு பலூன்களைப் பறக்கவிட்டார்கள். யோர்தானில் ஆவியானவர் புறாவைப்போல இறங்கினார். யோவான் ஸ்நானகன் எந்தப் புறாவையும் வாங்கி வந்து விடுவிக்கவில்லையே! மேய்ப்பர்கள் இதை யோசிப்பார்களாக.

எச்சத்தின் தூசியினால் நுரையீரல் கெடும் என்ற பயம் இப்போது நகரத்தாரிடம் மிகுந்திருக்கிறது. 2025-ல் மும்பை தாதர் கபூதர்கானா மூடப்பட்டதும் அதனால்தான். தண்ணீர் தெளித்து, மூக்கும் வாயும் கட்டிக்கொண்டு தினமும் கூட்டைச் சுத்தம் செய்யுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் மருத்துவரைக் கேளாமல் புறா வளர்க்க வேண்டாம்.

வல்லூறின் நகம் பட்டுத் தப்பிய புறாவை ஒரு துணியில் சுற்றி, காற்றுத் துளையுள்ள அட்டைப் பெட்டியில் இருட்டாகவும் கதகதப்பாகவும் வைத்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இரைப்பை கிழிந்திருந்தால், குடித்த தண்ணீர் மார்பின் வழியே ஒழுகும். தையல் போட்டால் பல புறாக்கள் பிழைக்கும். மஞ்சளை அப்பிவிட்டுக் காத்திருந்தால் பிழைக்கமாட்டா.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குக் குடும்பமாய்ப் புறப்படும்போது, பாவம், அவை சற்றுப் பறக்கட்டும் என்று கூட்டைத் திறந்துவைத்துப் போகிறவர்கள் உண்டு. மத்தியானம் திரும்பி வரும்வரை மாடியில் ஆள் இருப்பதில்லை. அன்று திறக்கவே வேண்டாம். வந்து உணவருந்திய பின் திறந்து, கூடவே நில்லுங்கள். முழு இரவு ஜெபத்திற்குச் செல்லும் வெள்ளிக்கிழமைகளில், பொழுது சாயுமுன் புறாக்களை எண்ணி உள்ளே விட்டு, மீந்த தானியத்தை எலிக்கு வைக்காமல் எடுத்துவிட்டு, தாழ்ப்பாளைப் போட்டு, ஒரு கொக்கிக் கம்பியையும் மாட்டிவிட்டுப் போங்கள்.