ஸ்டீவ் என்றொரு அம்மாள்

உத்தியோகம் கேட்டுப் போகும் பெண்ணிடம் என்னென்ன கேட்பார்கள் என்பது, நேயர்களே, உங்களில் பலருக்குச் சொந்த அனுபவமாக இருக்கும். கல்யாணம் ஆகிவிட்டதா? குழந்தை உண்டா? குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்? இத்தனையும் கேட்டு முடித்த பிறகு, நேரம் மிச்சமிருந்தால், "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்றும் கேட்பதுண்டு.

இந்தக் கேள்விகளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட ஓர் அம்மாள் இங்கிலாந்தில் இருந்தார். வேலை தெரியுமா என்று முதலில் பார்ப்பார். அடுத்தபடியாக, கூப்பிட்டால் பேச டெலிபோன் இருக்கிறதா என்று கேட்பார். குழந்தை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்! அவருடைய பெயர் ஸ்டெபனி ஷர்லி. 2025 ஆகஸ்டு மாதம், 91-வது வயதில் காலமானார். கம்ப்யூட்டர் உலகில் அவர் செய்த காரியத்தை நம் வீட்டுப் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஷர்லி பிறந்தது 1933-ல், ஜெர்மனியில், டார்ட்மண்ட் நகரில். தகப்பனார் யூதர், நீதிபதியாக இருந்தவர். ஹிட்லரின் ஆட்சி வந்ததும் பதவி போயிற்று. 1939-ல், யுத்தம் மூளுவதற்குச் சில வாரங்கள் முன்னால், ஐந்து வயதுச் சிறுமியை ஒன்பது வயது அக்காளுடன் வியன்னா ரயில் நிலையத்தில் வண்டி ஏற்றிவிட்டார்கள். அப்படி மத்திய ஐரோப்பாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தப்பிய குழந்தைகள் சுமார் 10,000 பேர். முன்பின் அறியாத ஓர் ஆங்கிலத் தம்பதி இந்த இரண்டு பெண்களையும் எடுத்து வளர்த்தார்கள். பெற்றோர் உயிர் பிழைத்துப் பின்னால் வந்து சேர்ந்தாலும், அறுந்த பாசம் பழையபடி ஒட்டவேயில்லை. பிழைத்த உயிரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் மட்டும் ஷர்லிக்குக் கடைசி வரை இருந்தது.

பெண்ணுக்குக் கணக்கின் மீது ஆசை. அவள் படித்த பெண்கள் பள்ளியிலோ கணக்கு சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. விசேஷ அனுமதி வாங்கிப் பையன்கள் பள்ளிக்குப் போய்க் கணக்கு படித்தாள். பதினெட்டு வயதில் லண்டன் தபால் இலாகாவின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. பகலில் உத்தியோகம், மாலையில் வகுப்பு என்று ஆறு வருஷம் பாடுபட்டுப் பட்டமும் வாங்கினாள்.

வேலை கிடைத்தது, மேலே போக வழி கிடைக்கவில்லை. பிறகு சேர்ந்த இன்னொரு கம்பெனியிலும் அதே கதை. கூட்டத்தில் யோசனை சொன்னால், "அது உன் வேலை இல்லை" என்றார்கள். சரி, நம் வேலையை நாமே உண்டாக்கிக்கொள்வோம் என்று 1962-ல் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்துவிட்டார். முதலீடு ஆறு பவுன். தங்கப் பவுன் என்று நினைத்துவிடாதீர்கள்! அந்த நாட்டு நாணயத்தில் ஆறு பவுன். ஆபீஸ், வீட்டுச் சாப்பாட்டு மேஜை.

அவர் விற்க வந்த சரக்கு, கம்ப்யூட்டரை வேலை வாங்கும் 'புரோகிராம்'. அந்தக் காலத்தில் யந்திரம் வாங்கினால் புரோகிராமைக் கூடவே சும்மா கொடுத்துவிடுவார்கள், ஜவுளிக் கடையில் கொடுக்கும் மஞ்சள் பையைப் போல. பையை மட்டும் தனியாக விலைக்கு விற்கிறேன் என்று ஒரு பெண் கிளம்பினால் சிரிக்க மாட்டார்களா? சிரித்தார்கள். கடிதம் மேல் கடிதம் போட்டார், பதில் இல்லை. "ஸ்டெபனி என்று எதற்குக் கையெழுத்துப் போடுகிறாய்? ஸ்டீவ் என்று போட்டுப் பாரேன்" என்று கணவர் யோசனை சொன்னார். ஸ்டீவ் என்பது ஆண் பெயர். பதில்கள் வர ஆரம்பித்தன! நேரில் வந்து நின்றது ஒரு பெண் என்று தெரிவதற்குள் அவர் கதவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டிருப்பார்.

வேலைக்கு யாரை வைத்துக்கொண்டார்? கல்யாணமாகி, குழந்தை பெற்று, அதனாலேயே உத்தியோகத்தை விட்டு வீட்டில் இருந்த படித்த பெண்களை. அவர்கள் எங்கும் போக வேண்டியதில்லை. குழந்தை தூங்கும் நேரத்தில் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து, யந்திரம் எதை முதலில் செய்ய வேண்டும், எதை அடுத்துச் செய்ய வேண்டும் என்று படம் போட்டு, கட்டளைகளாக எழுதித் தபாலில் அனுப்புவார்கள். அங்கே அதைக் காகித நாடாவிலோ அட்டையிலோ துளையாகப் போட்டு, சரிபார்த்து, பிறகுதான் யந்திரத்தில் கொடுப்பார்கள். சரக்கு ரயில்களுக்கும் பஸ்களுக்கும் கால அட்டவணை போடும் புரோகிராம்கள் இப்படித்தான் பிறந்தன. ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்ட் விமானத்தின் 'கறுப்புப் பெட்டி'க்குப் புரோகிராம் எழுதியவர்களும் வீட்டிலிருந்த சுமார் முப்பது பெண்கள்தான். கம்பெனியில் முதலில் சேர்ந்த 300 பேரில் 297 பேர் பெண்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, வேதனையும் உண்டு. வாடிக்கைக்காரர் டெலிபோனில் கூப்பிடும்போது பின்னால் குழந்தை அழுதால் என்ன செய்வது? டைப் அடிக்கும் சத்தத்தை ஒரு டேப்பில் பதிவு செய்து வைத்திருந்தார் ஷர்லி. போன் வந்ததும் அதை ஓடவிடுவார். எதிர்முனையில் இருப்பவருக்குப் பெரிய ஆபீஸ் ஒன்று மும்முரமாக நடப்பது போலக் கேட்கும்! வேலையில் குறை இல்லை, விலையில் குறை இல்லை. ஆனால் தாய் என்பதை மட்டும் மறைக்க வேண்டியிருந்தது.

அந்தத் தாயின் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கம்பெனி தொடங்கிய மறு வருஷம், 1963-ல், ஜைல்ஸ் பிறந்தான். ஒரே மகன். இரண்டரை வயது வாக்கில், பேசிய நாலு வார்த்தையையும் இழந்து மௌனமானான். ஆட்டிஸம் என்றார்கள். குழந்தையுள்ள பெண்களுக்காகக் கம்பெனி நடத்தியவருக்கு, யாருக்கும் இல்லாத அளவு கவனிப்பு தேவைப்பட்ட பிள்ளை. அவன் வளர வளர வீட்டில் சமாளிக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் விட நேர்ந்தது. பிற்பாடு அங்கிருந்து அழைத்து வந்து, தனி வீட்டில் துணைக்கு ஆட்களை வைத்து அவனை வாழச் செய்தார். அவனைப் போன்ற மற்றவர்களுக்கும் அதே ஏற்பாடு விரிந்தது. 1998-ல், 35-வது வயதில், ஜைல்ஸ் இறந்து போனான். ஆட்டிஸக் குழந்தைகளுக்காக அவர் ஏற்படுத்திய பள்ளிக்கூடம் அடுத்த ஆண்டு திறந்தது.

கம்பெனி விஷயத்துக்கு வருவோம். 1975-ல் பிரிட்டனில், உத்தியோகத்தில் ஆண், பெண் என்று பேதம் பார்க்கக் கூடாதென்று சட்டம் வந்தது. பெண்கள் கொண்டாட வேண்டிய சட்டந்தான். ஆனால் பெண்களுக்கென்றே இருந்த இந்தக் கம்பெனி, அந்தச் சட்டத்தாலேயே ஆண்களுக்கும் கதவைத் திறக்க வேண்டியதாயிற்று! ஷர்லி திறந்தார். திறமையுள்ள ஆண்களும் வந்தார்கள். வீட்டிலிருந்து வேலை, பகுதி நேர வேலை, ஒரு வேலையை இருவர் பங்கிட்டுக்கொள்வது ஆகிய ஏற்பாடுகள் மட்டும் மாறவில்லை. நியாயமான ஏற்பாடு என்றால் அது யாருக்கும் பொருந்தும் அல்லவா?

இந்த ஏற்பாட்டில் குறை இல்லாமலும் இல்லை. வேலை முன்பே தெரிந்திருக்க வேண்டும், டெலிபோன் வேண்டும். அப்போது எல்லோர் வீட்டிலும் டெலிபோன் கிடையாது. படிப்பும் போனும் இல்லாத பெண்ணுக்கு அந்தக் கதவும் மூடியேதான் இருந்தது. ஒருவர் ஒரு கதவைத்தான் திறக்க முடியும். மற்றதை மற்றவர்கள் திறக்க வேண்டும்.

லாபம் வந்தபோது ஷர்லி என்ன செய்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கம்பெனியில் கால் பங்கைத் தம் கையிலிருந்து ஊழியர்களுக்குக் கொடுத்தார். 1996-ல் கம்பெனி பங்கு மார்க்கெட்டுக்கு வந்தது. காலக்கிரமத்தில் ஊழியர்களில் 70 பேர் பத்து லட்சம் பவுனுக்கு அதிபதிகள் ஆனார்கள். 2000-ல் அவருக்கு 'டேம்' பட்டம் கிடைத்தது. ஆண்களுக்கு 'ஸர்' பட்டம் எப்படியோ, அப்படி.

தமக்கு வந்த செல்வத்தையும் அவர் பூட்டி வைக்கவில்லை. அவருடைய அறக்கட்டளை கொடுத்த பணத்தால் 2001-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் இன்டர்நெட் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இன்டர்நெட்டை இன்னும் வேகமாக்குவது எப்படி என்று ஆராயும் இடம் அல்ல அது. இன்டர்நெட் மனிதரை என்ன செய்கிறது, சமூகத்துக்கு அதனால் வரும் நன்மை தீமை என்ன, எது நியாயம் என்று கேட்கும் இடம். கையடக்கப் போன் நம் வீட்டுப் பிள்ளைகளை ஆட்டி வைக்கும் காலம் வருமுன்பே, யந்திரத்தோடு பிறந்து வளர்ந்த ஒரு தொழில்காரர், யந்திரத்தைக் கேள்வி கேட்கப் பணம் கொடுத்திருக்கிறார்!

யோசித்துப் பார்த்தால், கம்பெனியும் ஆராய்ச்சி நிலையமும் ஒரே சிந்தனையில் பிறந்தவைதான். யந்திரத்துக்கும் ஆபீஸ் கடிகாரத்துக்கும் தக்கபடி மனிதரை வளைக்காதே. மனிதருக்குத் தக்கபடி அவற்றை வளை. ஷர்லி அறுபது வருஷம் செய்தது இதைத்தான்.

உங்கள் தெருவிலும், கணக்கும் கம்ப்யூட்டரும் படித்துவிட்டுக் குழந்தைக்காக வேலையை விட்ட ஒரு பெண் இருப்பாள். "வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்?" என்று அவளிடம் கேட்கிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் ஒரு கடையோ கம்பெனியோ நடத்துகிறவராக இருந்தால், அவளிடம் வேறு கேள்வி கேளுங்கள்: உனக்கு என்ன தெரியும், அம்மா? எத்தனை மணி நேரம் உன்னால் முடியும்? பின்னால் குழந்தை அழுதால் அழட்டும். டேப்பைப் போட்டு அதை மறைக்க வேண்டிய அவசியம் இனி யாருக்கும் வேண்டாம்.